ரத்ததானப் படிவத்துக்கு எந்த மொழி?

போன ஜூன் மாதம் ஊரிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் ஐந்தாறு பேர் சேர்ந்து ரத்ததானக் குழு ஒன்று நடத்துகிறார்கள். யாருக்காவது அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால், ஒரு நீள நோட்டைப் புரட்டி, அதில் உள்ள எண்களுக்கு ஒவ்வொன்றாக அழைப்பதுதான் அதுவரை வழக்கம். அந்த நோட்டு ஒருநாள் மழையில் நனைந்து, மசி ஊறி, பாதி எண்கள் அழிந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் இணையத்தில் பதிவுப் படிவம் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"சித்தப்பா, படிவத்தை எச்டிஎம்எல்ல போட்டுட்டேன். பார்க்க நல்லா இருக்கு. ஆனா சப்மிட் பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கலை. அதுக்கு ஸ்கிரிப்ட் எழுதணுமாமே, எந்த மொழி படிக்கட்டும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

பைத்தான்தான் எளிது என்றாளாம் தோழி. நோட் ஜேஎஸ் படித்தால் வேலை கிடைக்கும் என்றாராம் சீனியர் ஒருவர். பிஎச்பி செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது என்று ஒரு வீடியோ சொன்னதாம். மூன்றையும் கேட்டுவிட்டு ஒரு வாரமாக எதையும் தொடங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. இருபது வருடங்களுக்கு முன் நானே கேட்டுத் தவித்த கேள்வி. அப்போது எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் முகாமுக்குப் பெயர் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் எந்த மொழியும் வேண்டாம். கூகுள் ஃபார்ம்ஸ் போதும், பத்து நிமிட வேலை. இவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு. ரத்த வகையையும் ஊரையும் வைத்துத் தேட வேண்டும். கொடையாளரின் போன் எண் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது. கடைசியாக ரத்தம் கொடுத்து இடைவெளி முடியாதவர்களின் பெயர் பட்டியலில் வரவே கூடாது. நம் நாட்டில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஒரு நிரல் வேண்டும்தான்.

அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி மொழியைப் பற்றியதில்லை. "இதை எங்கே வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். பழைய மாணவர் ஒருவர் தன் இணையதளத்துக்கு வாங்கிய ஹோஸ்டிங்கில் கொஞ்சம் இடம் தந்திருக்கிறாராம். நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஹோஸ்டிங். அதை நிர்வகிக்க சிபேனல் என்ற பக்கம் உண்டு, பிஎச்பியும், தகவலைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கின்றன. கோப்பை ஏற்றினால் ஓடும். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. மொழியைத் தேர்ந்தெடுத்த பிறகு அதற்கு இடம் தேடுபவர்கள் பல பேர், அந்தத் தேடலிலேயே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். கையில் எந்த சர்வர் இருக்கிறது, அதில் எது ஓடும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, பட்டனை அழுத்தியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பது அவளுக்குப் புரிய வேண்டியிருந்தது. தாலுகா அலுவலகத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். மனு அச்சடிப்பது வேறு வேலை, கவுண்டரில் உட்கார்ந்து மனுவை வாங்குவது வேறு வேலை. எச்டிஎம்எல் மனுவை அச்சடித்துக் கொடுத்துவிடும். பிரவுசர் அதைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நீட்டும். வாங்கிப் பார்த்து, பிழை இருந்தால் திருப்பிக் கொடுத்து, சரியாக இருந்தால் பதிவேட்டில் ஏற்ற அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள்தான் ஸ்கிரிப்ட். அவள் கவுண்டரில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

அந்த ஆளை உட்கார வைக்க நான் பட்ட பாடு 2003-இல் நடந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, ஃப்ளாப்பியில் கோப்புகளைச் சுமந்துகொண்டு போவேன். அப்போது படிவம் என்றாலே பெர்ல் என்றுதான் எனக்குத் தெரியும். லாரி வால் 1987-இல் வெளியிட்ட மொழி அது. 1993-இல் சிஜிஐ என்ற ஏற்பாடு வந்து, வெப் சர்வர் வேறொரு நிரலை ஓட்டி அதன் விடையைப் பக்கமாக அனுப்பலாம் என்றானதும், அந்த வேலையைப் பெரும்பாலும் பெர்ல்தான் செய்தது. மேட் ரைட் எழுதி 1995-இல் இலவசமாகக் கொடுத்த ஃபார்ம்மெயில் என்ற பெர்ல் நிரலை உலகம் முழுக்க எத்தனையோ தளங்கள் வைத்திருந்தன. நானும் ஒரு வெளிநாட்டு இலவச ஹோஸ்டிங்கில் பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்றை ஏற்றினேன். வந்தது '500 இன்டர்னல் சர்வர் எரர்' என்ற ஒரே ஒரு வரி.

ஒரு வாரம் அதே வரி. சர்வர் அதை ஓட்டட்டும் என்று கோப்பின் அனுமதி எண்ணை 755 ஆக்கினேன். ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நிரலில் பிழையே இல்லை. கடைசியில் தெரிந்தது, விண்டோஸ் நோட்பேட் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது. எந்த நிரலைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியை லினக்ஸ் சர்வர் படித்து, பெர்ல் என்ற பெயரின் வாலில் அந்த எழுத்தும் ஒட்டிய ஒரு நிரலைத் தேடியிருக்கிறது. அப்படி ஒரு நிரல் அங்கே எப்படி இருக்கும்? கோப்பை சர்வருக்கு ஏற்றும் எஃப்டிபி கருவியில் டெக்ஸ்ட் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கூடுதல் எழுத்து தானாகப் போயிருக்கும். படிவத்தைப் பற்றி ஒன்றுமே கற்காமல் ஒரு வாரம் போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: படிவத்தில் நிரப்பியது சர்வருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை முதல் நாளிலேயே கண்ணால் பார்க்க விடுகிற மொழியை எடுங்கள். புதியவருக்கு வேறெதையும்விட அது முக்கியம்.

அப்படிப் பார்க்க விடுவது பிஎச்பி. அந்த மொழி பிறந்ததே இதற்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கணக்குப் பார்க்க எழுதிய சின்னச் சின்னக் கருவிகளை 1995 ஜூன் 8 அன்று பொதுவில் வெளியிட்டார். 'பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்' என்று பெயர். கொஞ்ச காலத்தில் அது 'பிஎச்பி/எஃப்ஐ' ஆனது. எஃப்ஐ என்றால் ஃபார்ம்ஸ் இன்டர்ப்ரெட்டர், படிவங்களைப் புரிந்துகொள்ளும் நிரல். பெயரிலேயே படிவத்தை வைத்துக்கொண்டிருந்த மொழி அது. இன்று அதில் எவ்வளவோ பெரிய தளங்கள் ஓடுகின்றன, மொழியும் நிறைய மாறிவிட்டது. ஆனால் படிவத்தில் வந்ததை எடுத்துக் கையில் கொடுக்கும் அந்தப் பழைய குணம் மட்டும் போகவில்லை.

இதைச் சொன்னதும் அவள், "பிஎச்பியா? பிளஸ் டூவுலயே இருந்துச்சே!" என்றாள். உண்மைதான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பிஎச்பி இருக்கிறது, படிவத்துக்கென்று தனிப்பாடமே உண்டு. கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குப் பைத்தான். வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படித்த பிள்ளைகள் பிஎச்பியை அரைகுறையாகவாவது தொட்டிருப்பார்கள். அவளும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள்தான், ஓட்டிப் பார்த்ததில்லை. 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே சோதனை சர்வர் ஒன்று இருப்பதால், அவள் லேப்டாப்பில் வேறு எதையும் நிறுவாமலே தொடங்க முடிந்தது.

முதல் நாள் நான் சேமிக்கச் சொல்லவில்லை, மெயில் அனுப்பவும் சொல்லவில்லை. வந்ததை அதன் நீளத்தோடு அப்படியே திரையில் கொட்டிக் காட்டும் 'வார்_டம்ப்' என்ற ஒரே ஒரு வரியை மட்டும் எழுதச் சொன்னேன். படிவத்தில் முத்துலட்சுமி என்று தமிழில் பெயர் போட்டாள். ரத்த வகை ஓ பாசிட்டிவ், அதாவது O+. வாட்ஸப்பில் தொடர்புகொள்ளலாமா என்ற கட்டத்தில் டிக் போடவில்லை. பட்டனை அழுத்தினாள்.

பெயருக்குப் பக்கத்தில் 39 என்று வந்தது.

"சித்தப்பா, முத்துலட்சுமி ஏழு எழுத்துதானே? இது ஏன் முப்பத்தொன்பதுங்குது?"

கேட்க வேண்டிய கேள்வி. நம் கண்ணுக்கு மு, த், து, ல, ட், சு, மி என்று ஏழு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் கொக்கியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள், புள்ளியும் தனி. அப்படி எண்ணினால் 13. அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு), ஆக 39. பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கு பைட்டைத்தான் எண்ணும். அவளுடைய பழைய பாடக் குறிப்பில் 'பெயர் 30-க்கு மேல் போகக் கூடாது' என்று ஒரு சோதனை இருந்தது. அது அப்படியே போயிருந்தால் முத்துலட்சுமி பதிவு செய்ய முடியாது! குறியீடுகளை எண்ண 'எம்பி' என்று தொடங்கும் நீளக் கணக்கு தனியாக இருக்கிறது, நம் கண் எண்ணுவதுபோல எண்ண 'கிராஃபீம்' கணக்கு இருக்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 13 என்று சொல்லும், ஏழு என்று அவையும் தாமாகச் சொல்லாது. தமிழில் படிவம் வைக்கிறவர் எந்த மொழியை எடுத்தாலும் இதைத் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும்.

அடுத்தது அந்த டிக். டிக் போடாத கட்டம் 'இல்லை' என்று வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அது வரவே இல்லை. டிக் போடாத கட்டத்தைப் பிரவுசர் அனுப்புவதே கிடையாது. இதை வார்த்தையில் சொன்னால் மறந்துபோகும், திரையில் அந்த வரி இல்லாமல் இருப்பதைப் பார்த்தால் மறக்காது.

ரத்த வகையில் இருந்த கூட்டல் குறி இரண்டு நாள் கழித்துத் தன் வேலையைக் காட்டியது. படிவம் வழியாக அனுப்பும்போது பிரவுசர் அந்தக் குறியை வேறு சங்கேதமாக மாற்றி அனுப்பும், சர்வர் சரியாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஆனால் 'ஓ பாசிட்டிவ் கொடையாளர்கள்' என்ற சுட்டியை அவள் கையாலேயே எழுதினாள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் கூட்டல் குறிக்கு இடைவெளி என்று பொருள். சர்வருக்குப் போனது ஓ என்ற எழுத்தும் ஒரு இடைவெளியும். பட்டியலில் ஒருவர்கூட இல்லை. ஆளே இல்லை என்று நினைத்து அவசரத்தில் யாராவது திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது இருவருக்குமே ஒருமாதிரி ஆகிவிட்டது. இப்போது அந்தச் சுட்டியை, குறியைச் சங்கேதமாக மாற்றித் தரும் பிஎச்பி கட்டளையே உருவாக்குகிறது.

பைத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தோழி சொன்னது தவறில்லை. படிக்க இனிமையான மொழி அது. கணக்கு, தரவு, ஆய்வு என்று போகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் படிவம் என்று வரும்போது இடையில் ஒரு ஆள் வேண்டும். முன்பு பைத்தானுக்குள்ளேயே சிஜிஐ தொகுப்பு இருந்தது, 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று இணைய வேலைக்கென்று உள்ள ஃபிளாஸ்க், ஜாங்கோ போன்ற தொகுப்பு ஒன்றை நிறுவி, அதன் வழிகளைக் கற்று, சாதாரண ஹோஸ்டிங்கில் அதை ஓட வைக்கவும் மெனக்கெட வேண்டும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் அப்படித்தான். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகும்போது படிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அவளுக்கும் கொஞ்சம் தேவைப்பட்டது, ஆனால் பிரவுசர் பக்கத்தில். பிரெண்டன் ஐக் 1995-இல் பத்து நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். டயல்-அப் காலத்தில் சர்வர் வரை போய் 'பெயரை நிரப்பவில்லை' என்று கேட்டுக்கொண்டு திரும்பி வர அரை நிமிடம் ஆகும். அதைப் பிரவுசரே சொல்லிவிட்டால் நல்லதுதானே? ஆரம்பத்தில் ஜாவாஸ்கிரிப்டை அதிகம் பயன்படுத்தியதே இந்த மாதிரிச் சரிபார்ப்புகளுக்குத்தான். ஆனால் அந்தச் சரிபார்ப்பு நிரப்புகிறவருக்குச் செய்யும் உதவி மட்டுமே. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு யாரும் எதையும் அனுப்பலாம். அதே சோதனைகள் சர்வரிலும் மறுபடி இருக்க வேண்டும்.

அவள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பெயர்ச் சோதனை ஒன்று ஆங்கில எழுத்தையும் இடைவெளியையும் மட்டும் ஏற்றது. 'மு. செல்வி' என்று போட்டால் தமிழுக்கும் தடை, இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளிக்கும் தடை. சரி, 'எந்த மொழி எழுத்தும் வரலாம்' என்று மாற்றினோம். அப்போதும் செல்வி உள்ளே வரவில்லை. யூனிகோடு கணக்கில் ச, ல, வ மூன்றும் எழுத்து, ஒற்றைக் கொம்பும் புள்ளியும் கொக்கியும் எழுத்தில்லை, குறிகள். குறிகளையும் அனுமதித்த பிறகுதான் வந்தாள். பைத்தானில் செல்வி என்பது முழுக்க எழுத்துகளா என்று கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றுதான் அதுவும் சொன்னது. மாதிரிப் படிவத்தில் கட்டாயமாக இருந்த 'லாஸ்ட் நேம்' கட்டத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். இனிஷியல் வைத்துக்கொள்கிற ஊரில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதா, புள்ளி வைப்பதா என்று ஒவ்வொருவரும் திணறுவதை எத்தனை காலம் பார்த்துவிட்டோம். 'பெயர்' என்று ஒரே கட்டம் போதும்.

பிஎச்பியில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான், பழைய பாடங்களுக்கு. தேடினால் முதலில் வந்து நிற்பவை பல வருடத்துக்கு முன் எழுதியவை. 'மைஎஸ்கியூஎல்' என்று தொடங்கி அடிக்கோடு போட்ட கட்டளைகள் இருந்தால் அந்தப் பாடத்தை உடனே மூடிவிடுங்கள், அவற்றை 2015-இல் பிஎச்பி 7 வந்தபோதே நீக்கிவிட்டார்கள். படிவத்தில் வந்த பெயரை டேட்டாபேஸ் கட்டளைக்குள் நேராக ஒட்டும் பாடமும் வேண்டாம். தூத்துக்குடிப் பக்கத்து டி'சூசா ஒருவர் ஆங்கிலத்தில் தன் பெயரைப் பதிந்தால் போதும், நடுவில் உள்ள அந்த ஒற்றை மேற்கோள் குறியிலேயே கட்டளை உடையும். வேண்டுமென்றே உடைக்கத் தெரிந்தவர் முழுப் பட்டியலையும் எடுத்துப் போவார். டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் உள்ள பிடிஓ மூலம் கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பினால் இந்தச் சிக்கலே இல்லை. பெயரைத் திரும்பத் திரையில் காட்டும்போதும் எச்டிஎம்எல் குறிகளை முடக்கிவிட்டுத்தான் காட்ட வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2005-இல் உறவினர் ஒருவரின் பாத்திரக் கடைக்கு விசாரணைப் படிவம் ஒன்று செய்து கொடுத்தேன். நிரப்பியவரின் மெயில் முகவரியை அனுப்புநர் என்ற இடத்தில் அப்படியே வைத்து அனுப்பினேன். முகவரிக் கட்டத்தில் வரி உடைப்பையும் அதன் கீழே நூற்றுக்கணக்கான வேறு முகவரிகளையும் யாரோ ஒரு நிரல் வழியாகப் போட்டுவிட்டார்கள். இரண்டு இரவுகளில் கடையின் பெயரில் எங்கெங்கோ குப்பை மெயில் போனது. ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கை முடக்கியது, கடையின் உண்மையான மெயில்களும் பத்து நாள் வரவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எனக்குத்தான் அந்தக் கடை வாசலைக் கடக்கவே பல மாதம் கஷ்டமாக இருந்தது. படிவத்தில் வருவது எதுவாக இருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிய தாள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

ரத்ததானப் படிவத்தில் கடைசியாகச் சிக்கியது தேதி. கடைசியாகக் கொடுத்த நாளை சாதாரணக் கட்டத்தில் கேட்டிருந்தாள். சோதிக்கும்போது 05/03/2024 என்று போட்டாள், மார்ச் 5 என்ற நினைப்பில். சாய்கோடு இருந்தால் பிஎச்பி அதை அமெரிக்க வழக்கமாக எடுத்துக்கொண்டு மே 3 என்று படிக்கும். அதையே சிறுகோடு போட்டு 05-03-2024 என்று எழுதினால் மார்ச் 5 என்று படிக்கும். கிட்டத்தட்ட இரண்டு மாத வித்தியாசம். நாளும் மாதமும் இடம் மாறினால் 90 நாள் ஆகாதவரும் தகுதியானவர் ஆகிவிடலாம், ஆனவரின் பெயர் மறைந்தும் போகலாம். கட்டத்தையே தேதி வகைக்கு மாற்றினோம். திரையில் எப்படித் தெரிந்தாலும் சர்வருக்கு வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் அது அனுப்பும்.

எல்லாம் முடிந்து ஏற்றியது ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதிவான பிறகு பக்கத்தைப் புதுப்பித்தால் அதே ஆள் மறுபடி பதிவாகிறார் என்று அவளே கண்டுபிடித்து, சேமித்ததும் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தாள். நான் சொல்லாதது அது. அன்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் கேட்டாள்.

"சித்தப்பா, இதுவரைக்கும் ரத்தமே கொடுக்காதவங்க கடைசித் தேதியில என்ன போடுவாங்க? கட்டாயம்னு வெச்சிருக்கேனே."

கட்டாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். தேதி காலியாக வந்தால் என்ன செய்வது என்று அவளே யோசித்து எழுதி, காலையில் வார்_டம்ப் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தேதிக்குப் பக்கத்தில் 0 என்று இருந்தது. அதன் கீழே, 'முதல்முறை கொடுப்பவர்' என்று அவள் புதிதாகச் சேர்த்த ஒரு கட்டம்.